உள்காயம் – 9: நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சன்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்து ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். தீக்காயத்தின் அளவைக் கேட்கிறார்கள். ஆனால், வெடி ஆளைத் தூக்கி வீசவும் செய்கிறது. அறைச் சுவரை ஆள்மேல் சரிக்கவும் செய்கிறது. அந்த அடியின் அளவு தோலில் தெரியாது.

போன வாரம் மண்ணீரலைப் பார்த்தோம். அதற்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து, கவிழ்த்த கிண்ணம்போல் நிற்கும் மெல்லிய தசைதான் உதரவிதானம். சுவரோ ஸ்டீயரிங்கோ வயிற்றை நசுக்கும்போது உள்ளழுத்தம் சட்டென எகிறி, மேலே இருக்கும் இந்தத் தசையைக் கிழிக்கிறது. வலப்பக்கம் கல்லீரல் முட்டுக்கொடுப்பதால், பெரும்பாலும் கிழிவது இடப்பக்கம். கத்திக்குத்தில் விழுவது சிறு துளை. ஊமை அடியில் 10 சென்டிமீட்டர்கூடக் கிழியும். உலகெங்கும் இதற்கு முதல் காரணம் வாகன விபத்து. வேனில் ஆலைக்குப் போய்வரும் தொழிலாளிக்கு இரண்டு ஆபத்தும் உண்டு.

கிழிசல் தானாக மூடாது. ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சு உறிஞ்சும். இரைப்பையும் பெருங்குடலும் மேலேறி நுரையீரலை நெருக்கும். மூக்கு வழியே இரைப்பைக்கு விட்ட ரைல்ஸ் டியூப், எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அதைக் கவனிக்காமல், நெஞ்சில் காற்று சேர்ந்திருக்கிறது என்று குழாய் போட்டால், அது இரைப்பையையே குத்திவிடலாம். தீக்காய நோயாளியிடம் இன்னொரு சிக்கல்: வென்டிலேட்டர் தள்ளும் காற்று குடலை மேலேறவிடாமல் பிடித்துவைக்கும். அதை எடுத்த பிறகுதான் குட்டு வெளிப்படும். எனவே அப்போது மறுபடி ஒரு எக்ஸ்ரே, சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன், அவசியம்.

புதிய காயம் என்றால் வயிற்றின் நடுவே திறப்பார்கள். கல்லீரல், மண்ணீரல், குடல் எல்லாம் கூடவே அடிபட்டிருக்கலாம். ரத்தப்போக்கை நிறுத்துவதுதான் முதல் வேலை. பிறகு, மேலேறிய உறுப்புகளைப் பதமாகக் கீழே இறக்கினால், கிழிசல் வழியே நுரையீரல் விரிந்து சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். நெஞ்சறையைக் கழுவிவிட்டு, கிழிசலின் விளிம்புகளை இடுக்கியால் பிடித்து, கரையாத கெட்டி நூலால் தைக்க வேண்டும். ஓயாமல் அசையும் தசைக்கு, சீக்கிரம் கரையும் நூல் தாங்காது. நெஞ்சில் ஒரு வடிகுழாய் வைத்து முடிப்பார்கள். இழப்பு பெரிதென்றால் வலை வைத்து அடைப்பார்கள்.

தவறவிட்டால் மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் குடல் அந்த ஓட்டையில் சிக்கி அழுகலாம். குண்டடிபட்டுப் பிழைத்த ஒரு படைத்தலைவர் எட்டு மாதம் கழித்து இப்படி இறந்ததை, பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோஸ் பாரே 16-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நாள்பட்ட கேஸில் உறுப்புகள் நுரையீரலோடு ஒட்டியிருக்கும் என்பதால், பெரும்பாலும் நெஞ்சைத் திறந்தே பிரிப்பார்கள்.

ஆகவே, மதுரை ராஜாஜி மருத்துவமனையானாலும், 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியானாலும், கூடப் போகிறவர்கள் 'வெடி விபத்து' என்பதோடு நிறுத்தாமல், "சுவர் மேலே விழுந்தது", "தூக்கி எறிஞ்சுது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தீப்புண் ஆறிப் பல வருடம் கழித்து, சாப்பிட்டதும் மூச்சு முட்டினாலோ, வாந்தியும் இடது தோள்வலியும் சேர்ந்து வந்தாலோ, 'கேஸ் டிரபிள்' என்று மாத்திரை போடாமல், அந்தச் சீட்டோடு ஒரு அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: கணையம்)