எலி அம்மாவின் நாக்கு

ஒரு எலி பயந்தாங்கொள்ளியா, தைரியசாலியா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. முகத்தைப் பார்த்துச் சொல்வதும் லேசில்லை. ஆய்வகங்களில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. புழுக்கையை எண்ணுவார்கள்!

பழக்கமில்லாத, வெட்டவெளியான ஒரு பெரிய பெட்டிக்குள் எலியை விடுவார்கள். பயந்த எலி சுவரை ஒட்டியே பம்மும், நடுவில் கால் வைக்காது, புழுக்கையாகப் போட்டுத் தள்ளும். பயமில்லாத எலி நாலு பக்கமும் மோந்து பார்த்தபடி ஊர்சுற்றும். சில நிமிடங்கள் கழித்து எலியை வெளியே எடுத்துவிட்டு, விஞ்ஞானி குனிந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவார். சிரிக்காதீர்கள். 1930களில் கால்வின் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிவைத்த இந்தச் சோதனை, சில மாற்றங்களோடு இன்றும் நடக்கிறது.

1950களில் சீமோர் லெவின் என்ற அமெரிக்கர் ஒரு கேள்வியோடு எலிகளிடம் வந்தார். பச்சைக் குட்டியாக இருக்கும்போது கஷ்டப்பட்ட எலி, வளர்ந்த பிறகு எப்படி இருக்கும்? குட்டிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதல் கூட்டத்தைத் தினமும் கூட்டிலிருந்து எடுத்து லேசான மின்அதிர்ச்சி கொடுத்தார். இரண்டாவது கூட்டத்தையும் அதேபோல எடுத்தார், ஆனால் அதிர்ச்சி கொடுக்காமல் திருப்பி விட்டார். மூன்றாவது கூட்டத்தை யாரும் தொடவே இல்லை. அவை அம்மாவோடு நிம்மதியாக இருந்தன.

வளர்ந்த பிறகு எது பயந்த எலியாக இருந்திருக்கும்? அதிர்ச்சி வாங்கியதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். லெவினும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் புதிய பெட்டியில் மூலையில் ஒடுங்கி, அடிக்கடி சிறுநீரும் புழுக்கையுமாகத் தவித்தவை, யாரும் தொடாமல் விட்ட மூன்றாவது கூட்டத்து எலிகள்! மற்ற இரண்டு கூட்டங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி அமைதியாக இருந்தன. எல்லாரையும் குழப்பிய முடிவு இது.

விடை குட்டிகளிடம் இல்லை, கூட்டில் காத்திருந்த அம்மாவிடம் இருந்தது. இது புரிய வேண்டுமானால் எலிக்கூட்டை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

பிறந்த எலிக்குட்டி இளஞ்சிவப்பாக, முடியே இல்லாமல் இருக்கும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். காதும் அடைத்திருக்கும். தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அது மட்டுமா, தானாகச் சிறுநீர் கழிக்கக்கூடத் தெரியாது. அம்மா அதன் பின்பக்கத்தை நாக்கால் நக்கிவிட்டால்தான் சிறுநீர் வரும். வந்ததை அம்மாவே குடித்துவிடும். பாலாகக் கொடுத்த தண்ணீரில் ஒரு பங்கை அப்படித் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. முகம் சுளிக்க வேண்டாம், பத்துப் பன்னிரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, எலிக்குட்டிக்கு முதல் இரண்டு வாரம் உலகம் என்றால் அம்மாவின் வயிற்றுச் சூடும் நாக்கும்தான். யாரோ எடுத்துப்போன குட்டி திரும்பி வந்ததும் அம்மா என்ன செய்யும்? வழக்கத்தைவிட அதிகமாக நக்கிக் கொடுக்கும். லெவினின் எலிகளை மாற்றியது மனிதக் கை இல்லை, அதன் பிறகு கிடைத்த அம்மாவின் நாக்குதான் என்ற எண்ணம் மெல்ல வலுத்தது.

அதைச் சோதித்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மீனி. அவருடைய குழு குட்டிகளைத் தொடவே இல்லை. வேடிக்கை மட்டும் பார்த்தது. குட்டி பிறந்த முதல் பத்து நாள், நாளுக்குப் பல வேளை கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குறிப்பு: நக்குகிறது, முதுகை வளைத்துப் பால் கொடுக்கிறது, ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, கூட்டிலேயே இல்லை... கேட்கவே தூக்கம் வருகிறதல்லவா? எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரிய கருவி எதுவும் இல்லை. பேனா, காகிதம், பொறுமை.

அந்தக் குறிப்புகளிலிருந்து ஒன்று தெரிந்தது. சில தாய்கள் குட்டிகளை ஓயாமல் நக்குகின்றன, சில தாய்கள் அவ்வளவாக நக்குவதில்லை. இரண்டு வகையும் பால் கொடுக்கின்றன, இரண்டு வகைக் குட்டிகளும் நன்றாகவே வளர்கின்றன. வளர்ந்த பிறகு, அந்த எலிகளை ஒரு குறுகிய குழாய்க்குள் 20 நிமிடம் அடைத்து வைத்து, ரத்தத்தைச் சோதித்தார்கள். நிறைய நக்கப்பட்ட எலிகளின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன் அதிகம் ஏறவில்லை. 1997-இல் இந்த முடிவு வெளியானது.

பதற்ற ஹார்மோன் என்றால் என்ன? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆபத்து வரும்போது ரத்தத்தில் கலக்கும் பொருள். நமக்கு அது கார்ட்டிசால், எலிக்குக் கார்ட்டிகோஸ்டீரோன். ஓடவோ எதிர்க்கவோ தேவையான சக்தியை உடம்புக்கு எடுத்துக் கொடுக்கும். ஆபத்து போனதும் அது நிற்க வேண்டும். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து அவற்றில் ஒட்டியதும், ‘போதும், நிறுத்து’ என்று செய்தி போகும். ஏற்பிகள் நிறைய இருந்தால் செய்தி சீக்கிரம் போகும். நிறைய நக்கப்பட்ட எலிகளுக்கு இந்த ஏற்பிகள் அதிகமாக இருந்தன.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கையைத் தூக்குவார்: “அமைதியான அம்மாவுக்கு அமைதியான குட்டி பிறந்திருக்கும். இதில் நக்குவதற்கு என்ன வேலை?” சரியான கேள்வி. பதில் சொல்ல ஒரே வழி, குட்டிகளை மாற்றிவிடுவது. பிறந்து 12 மணி நேரத்துக்குள், குறைவாக நக்கும் தாயின் குட்டிகளை நிறைய நக்கும் தாயின் கூட்டிலும், அங்கிருந்தவற்றை இங்கேயும் வைத்தார்கள். ஒரு கூட்டில் இரண்டு குட்டிக்கு மேல் மாற்றவில்லை. கூட்டம் முழுவதையும் மாற்றினால் தாயின் நடத்தையே மாறிவிடலாம் அல்லவா? வளர்ந்தபோது குட்டிகள் பெற்ற தாயைப் போல இல்லை, வளர்த்த தாயைப் போல இருந்தன. மாற்றப்பட்ட பெண் குட்டிகள் தாயானபோது, தங்களை வளர்த்த தாய் எப்படி நக்கியதோ அப்படியே தங்கள் குட்டிகளை நக்கின. இது 1999-இல் வந்தது.

அம்மா நக்கியது குட்டியாக இருந்தபோது மட்டும்தான். எலி அதை வாழ்நாள் முழுக்க எப்படி வைத்திருக்கிறது? அதே பல்கலைக்கழகத்தின் மோஷே ஸிஃப் என்பவர் மெத்தில் என்ற குட்டி வேதிப்பொருளை ஆராய்ந்துவந்தார். ஒரு கார்பன் அணு, மூன்று ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். அது மரபணுவின் சில இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கம் பசையில் ஒட்டிக்கொண்டால் எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், வாசிக்கத்தான் முடியாது. மெத்தில் ஒட்டிய மரபணுவும் அப்படித்தான். மீனியும் ஸிஃபும் சேர்ந்து, அந்த ஏற்பியைச் செய்யும் மரபணுவைப் பார்த்தார்கள். பிறந்த முதல் நாளில் எல்லாக் குட்டிகளிடமும் ஒரு முக்கியமான இடத்தில் மெத்தில் இருந்தது. நிறைய நக்கப்பட்ட குட்டிகளிடம் முதல் வாரத்துக்குள் அது பெரும்பாலும் கழன்றுவிட்டது, மற்றவற்றில் தங்கிவிட்டது. 2004-இல் வெளியான இந்தக் கட்டுரை உயிரியல் உலகத்தைப் பரபரப்பாக்கியது. நாக்கின் தொடுகை மரபணுவரை போகிறதா என்று பலர் நம்ப மறுத்தார்கள்.

சின்ன வயதில் இப்படி ஆனால் அவ்வளவுதானா? இல்லை. தினமும் மூன்று மணி நேரம் தாயைவிட்டுப் பிரிக்கப்பட்ட குட்டிகளை, பால்குடி மறந்த பிறகு, விளையாட்டுப் பொருள்களும் கூட்டாளிகளும் நிறைந்த பெரிய கூண்டுகளில் வளர்த்துப் பார்த்தார்கள். பயம் குறைந்தது. ஆனால் மூளையில் பழைய அடையாளம் அழியவில்லை. மூளை வேறு வழியாகச் சமாளித்துக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு, “அன்றைக்குத் திட்டினீர்களே, என் மெத்தில் என்ன ஆச்சு?” என்று அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆய்வகக் கூண்டில் எலிக்குட்டிக்கு இருப்பது தாய் மட்டும்தான். மனிதக் குழந்தையைத் தூக்க அப்பா, பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று எத்தனை கைகள்! நம் குழந்தைப்பருவமும் இரண்டு வாரத்தில் முடிவதில்லை. எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட முடியாது.

எலிகளிலேயே கூட, குறைவாக நக்கும் தாயை மோசமான தாய் என்று சொல்லிவிட முடியாது. கலங்கிய தண்ணீர்த் தொட்டியில் நீந்தி, மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கும் சோதனையில் நிறைய நக்கப்பட்ட எலிகள்தான் கெட்டிக்காரர்கள். ஆனால் எந்தப் பெட்டியில் அதிர்ச்சி கிடைத்தது என்று நினைவு வைத்துக்கொள்ளும் சோதனையில், குறைவாக நக்கப்பட்டவை முந்திவிட்டன. இன்னொரு சோதனையில், நன்றாக நக்கும் தாய்களைக் கருவுற்றிருக்கும்போது பதற்றப்பட வைத்தார்கள். குட்டி பிறந்ததும் அவையும் நக்குவதைக் குறைத்துக்கொண்டன. பூனை நடமாடும் நெல் கிடங்கில் குட்டி போடும் தாயை நினைத்துப் பாருங்கள். எந்நேரமும் காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருக்கும் அதற்கு, உட்கார்ந்து நக்க நேரம் ஏது? அதன் குட்டி சின்னச் சத்தத்துக்கும் துள்ளி ஓடும் எலியாக வளரும். அந்தக் கிடங்கில் அப்படி வளர்ந்தால்தான் அதற்கும் குட்டி போடும் வயது வரும்.