கண்டம் தப்பிய பின்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பர். மூளையிற் குருதிக்குழாய் வெடித்து, கண்டியிலோ கொழும்பிலோ சத்திரசிகிச்சை பெற்று, அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் உயிருடன் மீள்வோரைக் கண்டு உற்றார் அவ்வாறே மகிழ்கின்றனர். ஆயினும் இரு கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. வேலைக்குத் திரும்புவது எப்போது? மீண்டும் சிகிச்சை செய்வதா, வேண்டாமா?

நோயை முதலில் அறிவோம். நலிந்த ரப்பர்க் குழாயில் நீர் பாயும்போது ஓரிடம் ஊதிப் புடைப்பதுண்டு. மூளையின் குருதிக்குழாயிலும் அவ்வாறே புடைப்பு உண்டாகிறது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இஃது உண்டு, பெரும்பாலானவை வெடிப்பதேயில்லை. வெடித்தாலோ உயிராபத்து. 1937இல் அமெரிக்க நிபுணர் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தை உலோகக் கவ்வியால் அடைத்தார். 1990களில், தொடை நாடி வழியே நுண்குழாய் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் புடைப்பை நிரப்பும் முறை பரவியது. கவ்வி பெரும்பாலும் நிலைத்து நிற்கும். சுருளிட்ட இடத்திலோ சிலருக்கு மீண்டும் குருதி புகுவதுண்டு. ஆகையால் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

மேற்காயம் சில வாரங்களில் ஆறிவிடும். களைப்பு, மறதி, சினம், உறக்கக் கேடு ஆகியன மாதக்கணக்கில் நீடிக்கலாம். இவை சோம்பலல்ல, நோயின் மிச்சம். "ஆள் தேறிவிட்டாளே, நாளைக்குப் பெரட்டுக்குப் போகலாமே" என்று லயத்திற் சொல்வது எளிது. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் அரைப்பேர் என்னும் அச்சம், உரிய காலத்துக்கு முன்னரே ஒருத்தியை மலையேற்றிவிடக்கூடும். வைத்தியர் அனுமதித்த பின்னரே கூடையைத் தோளேற்ற வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. இந்நோயாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புடைப்புகள் இருக்கும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜோ பைடன் 1988 பெப்ரவரியில் ஒரு புடைப்புக்கும், மே மாதத்தில் மற்றொன்றுக்கும் சத்திரசிகிச்சை பெற்றார். ஆங்கில நடிகை எமிலியா கிளார்க்குக்கு 2011இல் ஒன்று வெடித்தது. மற்றொன்று சிறிதாயிருந்ததால் கண்காணிப்பில் விடப்பட்டது. 2013இல் அஃது இரு மடங்கானதும் சிகிச்சை செய்யப்பட்டது. நுண்குழாய் முறை பலிக்காது குருதி கசியவே, மண்டையைத் திறக்க நேர்ந்தது. இருவரும் பிழைத்துத் தத்தம் தொழிலுக்கு மீண்டனர்.

எனவே எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடையில்லை. புடைப்பின் அளவு, இடம், வயது, இரத்த அழுத்தம், முன்னர் குருதி கசிந்தமை, குடும்பத்தில் இந்நோய் உண்மை ஆகியவற்றை ஒரு தட்டிலும், சிகிச்சையே பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும் என்பதை மறுதட்டிலும் வைத்து நிறுக்க வேண்டும். வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்: "வெடிக்கும் ஆபத்து எவ்வளவு? சிகிச்சையின் ஆபத்து எவ்வளவு? காத்திருந்தால் அடுத்த படம் எப்போது?" எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையொன்று உடன்சென்று விடைகளைக் குறித்து வருதல் பெரும் உதவி.

அழுத்த மாத்திரையை நிறுத்தலாகாது. புகைத்தலை அறவே விடவேண்டும். தலையிற் கவ்வியுள்ளதை ஸ்கான் எடுப்போரிடம் முன்கூட்டியே கூறவேண்டும். இடி விழுந்தாற்போலத் திடீர்த் தலைவலி வந்தால், தைலம் தடவிப் பொழுது விடியட்டும் எனக் காத்திராது, அக்கணமே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

அவசரப்படுவதும் தவறு, அசட்டையாயிருப்பதும் தவறு. மீண்ட உயிரைக் காப்பது வீட்டாரின் பொறுமையும் விழிப்புமே.