எடைமேடை சரிதான், டிக்ளரேஷன்தான் தப்பு

ஏற்றுமதிக்குப் போகும் கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துக் கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது என்பது 2016 ஜூலை 1 முதல் உலகமெங்கும் நடப்பில் இருக்கும் விதி. சென்னைத் துறைமுகத்தின் ராயபுரம் ஜீரோ கேட் பக்கமோ எண்ணூர் காமராஜர் துறைமுகத்துப் பக்கமோ போகும் டிரெய்லருக்கு எடைச்சீட்டு அவ்வளவு முக்கியம். அந்தச் சீட்டை அடிப்பது எடைமேடை அறையில் இருக்கும் ஒரு சாதாரண கம்ப்யூட்டர். அதற்குள் நடக்கும் ஒரு சங்கதியைத்தான் இன்று டீயோடு பேசப்போகிறோம்.

மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள் பாரத்தை மின்சார அளவாக மாற்றும். இண்டிகேட்டர் அதைக் கிலோவாக்கிக் காட்டும். அங்கிருந்து கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். இண்டிகேட்டரோடு பேசுவதற்கு அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதிய ஒரு டிஎல்எல் (ஃபங்ஷன்கள் அடங்கிய ஃபைல்) கொடுப்பார்கள். சீட்டு அடிக்கிற, பில் போடுகிற மென்பொருளை உள்ளூரில் யாராவது சி ஷார்ப்பிலோ விபி டாட்நெட்டிலோ எழுதியிருப்பார்கள். பழுது வருகிற இடம் இந்த இரண்டும் சந்திக்கிற இடம்.

சி ஷார்ப் மேனேஜ்டு கோட். மெமரி எப்போது வேண்டும், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதை டாட்நெட் ரன்டைமே கவனித்துக்கொள்ளும். டிஎல்எல் நேட்டிவ் கோட். விண்டோஸின் அடிப்படை ஃபங்ஷன்களும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு பைட்டுக்கும் எழுதியவர்தான் பொறுப்பு. இங்கிருந்து அங்கே கூப்பிட, டிஎல்எல்இம்போர்ட் என்று தலைப்பிட்டு ஒரு டிக்ளரேஷன் எழுதுகிறோம்: டிஎல்எல்லின் பெயர் இது, ஃபங்ஷனின் பெயர் இது, அதற்குக் கொடுக்கும் சரக்கு இந்த இந்த வகை.

இந்த டிக்ளரேஷன் உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. சி டிஎல்எல்லுக்குள் ஃபங்ஷனின் பெயர் இருக்கும்; அது எந்த வகைச் சரக்கை எதிர்பார்க்கிறது என்ற விவரம் பொதுவாக இருக்காது. நீங்கள் எழுதியதைக் கம்பைலர் அப்படியே நம்பும், ரன்டைமும் நம்பும்.

துறைமுகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. சரக்கு அனுப்புகிறவர் காகிதத்தில் எழுதிய எடையை நம்பியே கப்பலில் அடுக்கினார்கள். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்எஸ்சி நாப்போலி கப்பலின் உடல் பிளந்தது. மேல்தளத்தில் நனையாமல் தப்பிய 660 கன்டெய்னர்களைப் பிறகு எடை போட்டபோது, 137 பெட்டிகள் காகிதத்தில் இருந்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் விலகியிருந்தன. எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்ற விதி வருவதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் காரணம். டிஎல்எல்இம்போர்ட் இன்னும் அந்தப் பழைய காகித காலத்திலேயே இருக்கிறது.

இனி ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம். "சார், லோடு எடை சரியா விழுது. வண்டி காலியா திரும்பி வந்ததும்தான் கண்ட நம்பர் வருது" என்று ஆபரேட்டர் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடோடு 28,460 கிலோ, சரியாக வந்தது. காலி வண்டி 12,300 கிலோ. ஆனால் இரண்டாவது எடை போட்டதும் திரையில் லோடு எடை 5,28,28,09,77,69,260 கிலோ என்று நிற்கிறது. காலி எடை என்ற கட்டத்தில் 0.

பார்த்தவுடன் லோடு செல் போய்விட்டது, மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது, கேபிளை எலி கடித்துவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த எண்ணை 4,29,49,67,296-ஆல், அதாவது 4 பைட்டுக்குள் எழுதக்கூடிய எண்களின் மொத்த எண்ணிக்கையால், வகுத்துப் பாருங்கள். ஈவு 12,300. மீதி 28,460. இரண்டு எடையும் ஒரு கிலோ குறையாமல் அதற்குள்ளேயே இருக்கின்றன!

நடந்தது இதுதான். டிஎல்எல் இரண்டு எடைகளையும் ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்துத் தருகிறது, இரண்டுமே லாங். விண்டோஸில் சி மொழியின் லாங் 4 பைட். சி ஷார்ப்பின் லாங் 8 பைட். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம் ஆள் சி ஷார்ப்பிலும் லாங் என்றே எழுதிவிட்டார். டிஎல்எல் முதல் 4 பைட்டில் லோடு எடையையும் அடுத்த 4 பைட்டில் காலி எடையையும் எழுதியது. சி ஷார்ப் 8 பைட்டையும் சேர்த்து அள்ளி, மொத்தமும் லோடு எடை என்று படித்தது. அடுத்த 8 பைட்டில் யாரும் எதுவும் எழுதாததால் காலி எடை 0.

முதல் தடவை ஏன் சரியாக வந்தது? அப்போது காலி எடை இன்னும் போடவில்லை, அந்த 4 பைட்டும் 0. அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. ஆபீசில் ஒரே ஒரு எடையை வைத்துச் சோதித்தவருக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். தீர்வு ஒரே சொல்: லாங்கை எடுத்துவிட்டு இன்ட் போட வேண்டும். விபி6-இல் லாங் 4 பைட், விபி டாட்நெட்டில் 8 பைட். பழைய எடைமேடை மென்பொருளை விபி6-இலிருந்து மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு கோளாறு உண்டு. ஸ்ட்ரக்சரில் முதலில் 1 பைட்டில் நிலைக்குறி, அடுத்து 4 பைட்டில் எடை என்றால், வழக்கமாக நடுவே 3 பைட் இடைவெளி விடப்படும். டிஎல்எல் எழுதியவர் இடைவெளி வேண்டாம் என்று பேக் 1 போட்டிருந்தால், நீங்களும் சி ஷார்ப்பின் ஸ்ட்ரக்ட்லேஅவுட்டில் பேக் 1 போட வேண்டும். போடாவிட்டால் எடை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் படிப்பீர்கள்.

சில கோளாறுகள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடும். பழைய கம்ப்யூட்டர் போய், புதிதாக 64 பிட் விண்டோஸ் வந்ததும் பேட் இமேஜ் ஃபார்மட் எக்ஸெப்ஷன் வந்தால், 64 பிட்டாக ஓடும் புரோகிராமுக்குள் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றப் பார்க்கிறீர்கள் என்று பொருள். புரோகிராமை எக்ஸ்86-க்கு கம்பைல் செய்தால் போதும். டிஎல்எல் கண்ணெதிரே இருந்தும் டிஎல்எல் நாட் ஃபவுண்ட் என்றால், பெரும்பாலும் அந்த டிஎல்எல் நம்பியிருக்கும் வேறொரு டிஎல்எல் இல்லை. விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பேசாமல் கெடுப்பவைதான் ஆபத்து. எடை மாறும்போதெல்லாம் உங்களைக் கூப்பிடச் சொல்லி டிஎல்எல்லிடம் ஒரு கால்பேக் கொடுக்கிறீர்கள். சி ஷார்ப்பில் அது ஒரு டெலிகேட். அது டிஎல்எல்லின் கையில் இருப்பது, வேண்டாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாது. சி ஷார்ப் பக்கம் யாரும் பிடித்து வைத்திருக்காவிட்டால், கழிவு என்று எடுத்துப் போட்டுவிடும். அடுத்த முறை டிஎல்எல் கூப்பிடும்போது புரோகிராம் விழும். வண்டி குறைவாக வரும் நேரத்தில் கார்பேஜ் கலெக்டருக்கு வேலை குறைவு, அதனால் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்ட நேரத்தில் சீட்டு மேல் சீட்டு அடிக்கும்போதுதான் சாய்ந்துவிடும். அந்த டெலிகேட்டை ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டில் போட்டு வைத்தால் தொல்லை தீர்ந்தது.

தமிழில் சீட்டு அடிப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம். எழுத்துகளை எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லாவிட்டால், டிஎல்எல்இம்போர்ட்டில் சி ஷார்ப் ஆன்சி என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட் பேஜ் கிடையாது. திருவொற்றியூர் என்று அனுப்பினால் சீட்டில் 14 கேள்விக்குறிகள் விழும். நம் கண்ணுக்கு 7 எழுத்து, யூனிகோடுக்கு 14 குறி. சார்செட் யூனிகோடு என்று போட்டு, டிஎல்எல்லில் யூனிகோடு ஃபங்ஷன் இருந்தால் அதைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் அந்த டிஎல்எல் வழியாகத் தமிழ் போகாது. சீட்டை டாட்நெட் பக்கமே அடித்துக்கொள்வது மேல்.

இதற்கெல்லாம் ஒரு ட்ரை கேட்ச் போட்டால் சரியாகிவிடாதா என்பார்கள். ஆகாது. நேட்டிவ் பக்கம் மெமரி கெட்டு வருகிற ஆக்ஸஸ் வயலேஷனை, 2010-இல் வந்த டாட்நெட் 4 முதல் சாதாரண கேட்ச் பிடிப்பதில்லை. பிடிக்க முடிந்தாலும், கெட்ட மெமரியை வைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எந்த தைரியத்தில் அடிப்பது? எக்ஸெப்ஷன் விழுந்த வரியையே உற்றுப் பார்ப்பதிலும் அவ்வளவு பயனில்லை. பைட் கெட்டது ஒரு வரியில், புரோகிராம் விழுவது பல நிமிடம் கழித்து வேறொரு வரியில்.

வேலையை வரிசையாகச் செய்யலாம். டிஎல்எல்லின் ஹெடர் ஃபைலை ஒரு பக்கமும் உங்கள் டிக்ளரேஷனை மறுபக்கமும் வையுங்கள். ஒவ்வொரு வகைக்கும் பெயரை விட்டுவிட்டு எத்தனை பைட் என்று மட்டும் பாருங்கள். 32 பிட் என்றால் காலிங் கன்வென்ஷன் எஸ்டிடிகாலா, சிடெக்லா என்று சரிபாருங்கள். ஸ்டாக்கை யார் துடைப்பது என்பதில் இரண்டும் வேறு. விண்டோஸ் ஃபங்ஷன் தோற்றால் காரணம் தெரிய, டிக்ளரேஷனில் செட்லாஸ்ட்எர்ரர் போட்டு, கூப்பிட்ட அடுத்த வரியிலேயே டாட்நெட்டின் மார்ஷல் கிளாஸிடம் பிழை எண்ணைக் கேளுங்கள். கெட்லாஸ்ட்எர்ரரை நீங்களே நேராகக் கூப்பிட்டால், நடுவில் ரன்டைம் செய்த வேறு வேலையின் எண் கிடைக்கலாம்.

கடைசியாக, புரோகிராம் தொடங்கும்போதே மார்ஷல் சைஸ்ஆஃப் தரும் அளவை, சி பக்கம் சைஸ்ஆஃப் தந்த அளவோடு ஒப்பிடும் ஒரு வரி சேருங்கள். நம் உதாரணத்தில் இங்கே 16, அங்கே 8. பொருந்தாவிட்டால் புரோகிராம் தொடங்கவே கூடாது. 2022-இல் டாட்நெட் 7-உடன் வந்த லைப்ரரிஇம்போர்ட், இணைப்புக் கோடைக் கம்பைல் நேரத்திலேயே எழுதித் தருகிறது. விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்களுக்கு டிக்ளரேஷனையே எழுதித் தரும் கருவியை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. இரண்டுக்குமே உங்கள் இண்டிகேட்டரின் டிஎல்எல்லில் லாங் எத்தனை பைட் என்று தெரியாது. அதைச் சொல்வது ஹெடர் ஃபைல் மட்டும்தான். அதனால் இண்டிகேட்டருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே, டிஎல்எல்லோடு அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.