ஊசி போட்ட பிறகே தெரியும் குறை

குடல்வால் ஆபரேஷன் முடிந்து தையலும் போட்டாயிற்று. மயக்க வாயுவை நிறுத்திய பிறகும் நோயாளிக்கு மூச்சு வரவில்லை. மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் தூண்டியும் கட்டைவிரல் அசையவில்லை. மருந்தின் அளவு சரிதான், மருத்துவரின் கையும் தேர்ந்த கைதான். கோளாறு நோயாளியின் 3-ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

தொண்டையில் குழாய் செலுத்தும் முன் தசைகளைத் தளர்த்தப் போடுவது சக்சினைல்கோலின். ஒரு நிமிடத்துக்குள் தசைகள் துடித்து அடங்கும். ரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால், சுமார் 10 நிமிடங்களில் மூச்சு திரும்பும். 3-ஆவது குரோமோசோமிலுள்ள மரபணுக் கோளாறால் அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவருக்கு மணிக்கணக்காகும். அதுவரை செயற்கைச் சுவாசம் கொடுத்தால் முழுமையாக மீண்டுவிடுவார். மற்றபடி வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி குழுவினர், அமெரிக்காவின் ஆக்சனா லாக்ரிஜுடன் சேர்ந்து ஆரிய வைசியச் சமூகத்தாரிடம் இந்த நொதிக் குறைக்கான காரணத்தை 2006-இல் கண்டறிந்தனர். 574 அமினோ அமிலங்கள் கோத்த அந்த நொதியில் 307-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். அவ்வளவுதான், நொதி செயலிழக்கிறது. மற்றவர்களைவிட இவர்களிடம் இக்குறை ஏறத்தாழ 100 மடங்கு அதிகம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றம் வந்தால்தான் இக்குறை வரும் என்பதால், “நாங்க சொந்தத்துல கட்டலையே, எங்களுக்கு எப்படி வரும்?” என்ற கேள்வி நியாயமானது. முன்னொரு காலத்தில் சிலரே மூதாதையராக இருந்து, அவர்கள் வழிவந்தோர் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வந்தால், அத்தை மகளைக் கட்டாவிட்டாலும் கணவன், மனைவி இருவரிடமும் அதே மாற்றம் இருக்கக்கூடும். இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மரபியல் ஆய்வாளர்களான ஹைதராபாத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 2017-இல் ஆராய்ந்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களுக்கு இத்தகைய வலுவான பின்னணி இருந்தது. ஆகவே இதை ஒரு சாதியின் குறையாகப் பேசுவது அறியாமை.

சேலம், நாமக்கல் பக்கத்து மருத்துவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சிமருந்து நஞ்சேறி வருபவர்களுக்கு இதே நொதியின் அளவைத்தான் பார்க்கிறார்கள். பிறவிக் குறை உள்ளவருக்கு நஞ்சே இல்லாமலும் அளவு அடிமட்டத்தில் இருக்கும். தேவையற்ற சிகிச்சை தொடங்கிவிடலாம்.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு திரும்ப வெகுநேரம் ஆகியிருந்தால், அடுத்தவர் மேசையில் படுக்கும் முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நொதி அளவைக் காட்ட ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.