ஒரு பம்புக்கு இரண்டு அனுமதிச் சீட்டு

மளிகைக் கடைக்கும் கடலில் எண்ணெய் எடுக்கும் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சீட்டு எழுதிக் கொடுத்து ஆட்களிடம் வேலை வாங்குகிற அனைவருக்கும் சம்பந்தம் உண்டு.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தில், வடகடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988 ஜூலை 6 இரவு அதில் 226 பேர் இருந்தனர்.

வாயுவிலிருந்து பிரியும் திரவத்தைத் தள்ள அங்கே இரண்டு பம்புகள். அன்று ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். அதற்கு ஒரு அனுமதிச் சீட்டு. அதே பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்குக் கழற்றினார்கள். அதற்கு வேறொரு சீட்டு. மாலைக்குள் வால்வைத் திரும்பப் பூட்ட முடியாததால், திறந்த குழாய் வாயில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டுப் போனார்கள். இரவு ஷிப்டுக்கு முதல் சீட்டு தெரியும். இரண்டாவது தெரியாது.

இரவு 9.45 வாக்கில், ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்பு நின்றது. விட்டால் மேடைக்கே மின்சாரம் போய்விடும். பராமரிப்பு வேலை இன்னும் தொடங்கவில்லையே என்று நிறுத்திவைத்த பம்பை ஓட்டினார்கள். தகட்டின் இடுக்கில் வாயு கசிந்து, பத்து மணிக்கு வெடித்தது.

அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. கடலில் முக்குளிப்போர் வேலை செய்ததால், அவர்கள் இழுக்கப்பட்டுவிடக் கூடாதென்று தீயணைப்பு பம்பு தானாக ஓடாதபடி மாற்றப்பட்டிருந்தது. நல்ல எண்ணம்தான்! தடுப்புச் சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டியவை, வெடிப்பைத் தாங்க அல்ல. குழாயால் இணைந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகள் உடனே நிறுத்தவில்லை. ஹெலிகாப்டர் வருமென்று தங்குமிடத்தில் காத்திருந்த பலர் புகையில் மாண்டனர். மேடையில் இருந்தவர்களில் 165 பேர், காப்பாற்றப் போனவர்களில் 2 பேர், ஆக 167 உயிர்கள்.

விசாரித்த கல்லன் பிரபு 1990இல் 106 பரிந்துரைகள் தந்தார். அனுமதிச் சீட்டு முறையை முறைப்படி யாரும் கற்றுத்தரவில்லை, வேலையோடு வேலையாகப் பழகிக்கொண்டதுதான் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. வால்வு கழற்றத் தெரியும், பம்பு ஓட்டத் தெரியும். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையை எங்கே தொடுகிறது என்பதைத்தான் சொல்லித்தரவில்லை.

ஆபத்து மிகுந்த தொழில்களில் தரப்படும் பாதுகாப்புப் பொறியியல் பயிற்சி இந்த இடத்தில்தான் வருகிறது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தில் 1960களில் வளர்ந்த ஒரு முறை நமக்கும் எளிதில் புரியும். பொறியாளர், ஓட்டுபவர், பராமரிப்பவர் எல்லோரும் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயாக எடுத்துக் கேட்பார்கள்: இதில் ஓட்டமே இல்லாவிட்டால்? கூடினால்? குறைந்தால்? எதிர்த்திசையில் வந்தால்? ஒரு குழாய்க்கு இத்தனை பேரின் கூலியா என்று நம் கணக்கு மனம் முணுமுணுக்கும். ஒரு ஆலைக்கு வாரக்கணக்கில்கூட ஆகும்.

1992இல் பிரிட்டனில் சட்டமும் மாறியது. என்னென்ன ஆபத்து உண்டு, எப்படி அடக்குவோம் என்று மேடை நடத்துபவரே எழுதிக் காட்டி அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். நிறுத்திவைத்த சீட்டுகளை எல்லாம் முன்னே வைத்து, போகிற ஷிப்டும் வருகிற ஷிப்டும் நேரில் பேசிக் கையெழுத்திடுவது இன்று இப்பயிற்சியில் தனிப்பாடம்.