ஐன் ஃபித்

ஐன் ஃபித் என்பது சிரியாவின் கோலான் குன்றுகளில், பானியாஸ் ஊற்றுக்குத் தெற்கே இருந்த ஓர் அலவி ஊர் ஆகும். 1967 ஆம் ஆண்டின் ஆறு நாள் போரில் மக்கள் வெளியேறியதை அடுத்து இவ்வூர் ஆளற்றுப் போனது. ஊர்ப்பெயரில் உள்ள ‘ஐன்’ என்னும் சொல் அரபு மொழியில் நீரூற்றைக் குறிக்கும்.

அலவிகள் சியா இசுலாத்திலிருந்து கிளைத்த ஒரு சமயப் பிரிவினர். முன்பு நுசைரிகள் எனப்பட்டனர். இவர்களில் பெரும்பாலோர் வாழ்வது வெகு வடக்கே, லத்தாக்கியாவை ஒட்டிய கடலோர மலைகளில்தான். கோலானில் இவர்களுக்கு இருந்தவை ஐன் ஃபித், சஊரா, கஜர் ஆகிய மூன்று ஊர்கள் மட்டுமே. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தன. 1880களில் கோலானை அளந்து எழுதிய செருமானியப் பொறியாளர் காட்லீப் சூமாக்கரின் நூலில் இந்த ஊர்கள் இடம்பெறுகின்றன.

போர்

1967 சூன் 9 அன்று இசுரேலியப் படை கோலான் சரிவில் ஏறத் தொடங்கியது. தாங்கிப் படையின் ஒரு பகுதி அன்றே சஊராவை அடைந்தது. மறுநாள் காலை, மாவட்டத் தலைநகரான குனைத்ரா வீழ்ந்துவிட்டதாகச் சிரிய வானொலி அறிவித்தது. உண்மையில் இசுரேலியப் படை அங்கு நுழைந்தது அன்று பிற்பகலில்தான். இந்த அறிவிப்பைக் கேட்டுச் சிரிய வீரர்கள் நிலைகளை விட்டு ஓடினர். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஹாஃபிஸ் அல்-அசாத். அவரும் ஓர் அலவி என்பதால், பின்னாளில் அவருடைய எதிரிகள் இந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினர். அன்று மாலை போர்நிறுத்தம் வந்தபோது மூன்று ஊர்களின் சுற்றுப்புறமும் இசுரேல் வசம் இருந்தது.

கோலான் மக்கள் துரத்தப்பட்டார்கள் என்கிறது சிரியா. தாமாகவே ஓடினார்கள் என்கிறது இசுரேல். சண்டைக்கு அஞ்சி ஓடியவர்கள் பலர் என்பது உண்மையே. ஆனால் ஓடியவர்களைத் திரும்பி வர விடாதது வேறு செயல். அது போர் முடிந்த பின் எடுக்கப்பட்ட முடிவு. போருக்கு முன் கோலானில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டு ஆகத்து மாதம் இசுரேல் எடுத்த கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 6,400 பேர். ஆளற்ற ஊர்களில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. இடம்பெயர்ந்த கோலான் மக்களில் பலர் டமாஸ்கசிலும் அதன் புறநகர்களிலும் தங்கினர்; சிரியாவில் அவர்களை ‘நாசிகீன்’ (இடம்பெயர்ந்தோர்) என்பர்.

தப்பிய ஊர்

கஜர் மட்டும் தப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் நிலப்படக் குழப்பம். சில படங்களில் அது லெபனானுக்குள் காட்டப்பட்டிருந்ததால் இசுரேலியப் படை ஊருக்கு வெளியே நின்றது. லெபனானும் அதைத் தனது என்று ஏற்கவில்லை. ஏறக்குறைய இரண்டரை மாதம் எந்த ஆட்சியின் கீழும் இல்லாமல் இருந்த ஊரார், தாங்கள் சிரியர்களே, எனவே கோலானின் பிற பகுதிகளோடு தங்களையும் சேர்க்க வேண்டும் என இசுரேலிய இராணுவ ஆளுநரிடம் மனு கொடுத்தனர்.

1974 மே மாத உடன்பாட்டின்படி குனைத்ரா சிரியாவிடம் திரும்பியது. ஐன் ஃபித், சஊரா இரண்டும் அந்த நிலப்பட்டைக்கு மேற்கே இருந்ததால் அதில் சேரவில்லை. 1981 திசம்பரில் இசுரேல் தன் சட்டத்தைக் கோலானுக்கு நீட்டித்தது; ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் 497 வழியாக அது செல்லாது என்றது. கோலானில் இன்று மக்கள் வாழும் ஒரே அலவி ஊர் கஜர். 2000 ஆம் ஆண்டு ஐ.நா. வரைந்த நீலக் கோடு அதன் நடுவே செல்கிறது.