சுழற்சி முறை சரியா, தவறா? வாதிட அணியே இல்லாத புணே

புணே: கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்துக்கு ஆட்டம் வீரர்களை மாற்றிக் களமிறக்குவது சரியா? ரசிகர்கள் கூடும் இடங்களில் எல்லாம் எழும் கேள்வி இது. 2014 முதல் 2019 வரை எஃப்சி புணே சிட்டி அணி பாலேவாடி மைதானத்தில் ஆடியவரை, "ஆரஞ்ச் ஆர்மி' என்று தங்களை அழைத்துக் கொண்ட அதன் ரசிகர்களுக்கும் இக்கேள்வி உரியதாக இருந்தது. இப்போது வாதிடுவதற்கு இந்நகருக்கு என ஐஎஸ்எல் அணி எதுவும் இல்லை.

இரு தரப்பிலும் நியாயம்

சுழற்சி முறையை ஆதரிப்போர் உடல் திறனைச் சுட்டிக்காட்டுகின்றனர். ஓர் ஆட்டத்தின் களைப்பிலிருந்து தசைகள் மீள்வதற்கு ஏறத்தாழ மூன்று நாள்கள் தேவை. முதலாவது ஐஎஸ்எல் போட்டி 2014 அக்டோபர் 12-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 20-இல் முடிவடைந்தது. லீக் சுற்றில் மட்டும் ஒவ்வோர் அணியும் சுமார் இரண்டு மாதங்களில் 14 ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது. இடையிடையே நெடுந்தூரப் பயணங்கள். இத்தகைய அட்டவணையில் அதே 11 பேரை ஓயாமல் களமிறக்கினால் காயங்கள் பெருகும் என்பது அவர்களின் வாதம்.

எதிர்ப்போரின் வாதமும் புறந்தள்ளத் தக்கதல்ல. தற்காப்பு வீரர்களும் கோல்கீப்பரும் ஒருவரின் நகர்வை மற்றவர் அறிந்து ஆட, அவர்கள் தொடர்ந்து சேர்ந்து ஆட வேண்டும். நன்றாக ஆடியவரை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்தால் அவரது வேகமும் தன்னம்பிக்கையும் குறையும் என்கின்றனர்.

இங்கிலாந்தில் செல்சி அணியின் பயிற்சியாளராக இருந்த கிளாடியோ ரனியேரி, ஓயாமல் மாற்றங்கள் செய்ததால் "டிங்கர்மேன்' என்று கேலி செய்யப்பட்டார். லிவர்பூல் பயிற்சியாளர் ரஃபேல் பெனிடெஸ், தொடர்ச்சியாக 99 ஆட்டங்களில் முந்தைய ஆட்டத்தின் அணியை அப்படியே களமிறக்கவில்லை. கடும் விமர்சனம் எழுந்தபோதிலும், அந்தக் காலகட்டத்தில்தான், 2006-இல், அவரது அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது.

யாருக்கு வாய்ப்பு?

இந்தியாவில் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் 6 வெளிநாட்டு வீரர்கள் வரை ஆடலாம்; இந்தியர்களுக்கு உறுதியான இடம் ஐந்தே. 2017-18 பருவத்தில் வெளிநாட்டு வீரர்களின் உச்சவரம்பு ஐந்தாகவும், 2021-22-இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. எனவே, பயிற்சியாளர் யாரை அமர்த்துகிறார், யாரை ஆட வைக்கிறார் என்பது, ஓர் இளம் இந்திய வீரரின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் முடிவாகி விடுகிறது.

இதற்குப் புணேயிலேயே சான்றுகள் உள்ளன. மலப்புறத்தைச் சேர்ந்த ஆஷிக் குருணியன், எஃப்சி புணே சிட்டியில் வாய்ப்புப் பெற்று, 2019 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். சென்னை வியாசர்பாடியின் தனபால் கணேஷ், சென்னையின் எஃப்சி அணிக்கு வரும் முன்னர் புணே எஃப்சி அணியில் ஆடியவர்.

சுழன்றது பயிற்சியாளர்களே

ஆனால், எஃப்சி புணே சிட்டியில் வீரர்களை விட வேகமாகச் சுழன்றவர்கள் பயிற்சியாளர்களே. ஃபிராங்கோ கொலம்பா, டேவிட் பிளாட், அன்டோனியோ ஹபாஸ், ராங்கோ போபோவிச், மிகேல் போர்ச்சுகல், ஃபில் பிரௌன் என ஐந்து பருவங்களில் ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள். போர்ச்சுகலுக்குக் கிடைத்தவை மூன்றே ஆட்டங்கள். நீண்டகால நோக்கில் வீரர்களைப் பகிர்ந்து பயன்படுத்த, பயிற்சியாளருக்கு முதலில் நீண்ட காலம் தரப்பட வேண்டும் அல்லவா?

அந்த அணி அரையிறுதிக்கு முன்னேறியது போபோவிச் பொறுப்பில் இருந்த 2017-18 பருவத்தில் மட்டுமே. புணேயில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. 2018 மார்ச் 11-இல் பெங்களூரில் நடைபெற்ற இரண்டாவது ஆட்டத்தில் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடிக்க, 3-1 என புணே வீழ்ந்தது. அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் போபோவிச் அணியில் இல்லை.

கேட்கப்படாத குரல்

2015-ஆம் ஆண்டில் புணே நகருக்கு மூன்று முன்னணி அணிகள் இருந்தன. 2012-13 ஐ-லீக்கில் இரண்டாமிடம் பெற்ற புணே எஃப்சி அந்த ஆண்டே மூடப்பட்டது. பாரத் எஃப்சி ஒரே பருவத்துடன் விலகியது. பின்னர் வந்த டிஎஸ்கே சிவாஜியன்ஸ் 2017-இல் வெளியேறியது. நிதி நெருக்கடியால் 2019-இல் எஃப்சி புணே சிட்டியும் மறைய, அதன் இடத்தை ஹைதராபாத் எஃப்சி பெற்றது. அந்த அணி 2022-இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. ஆனால், அதுவும் நிலைக்கவில்லை. 2025-இல் உரிமையாளர்கள் அதைத் தில்லிக்கு மாற்றி, ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி எனப் பெயரிட்டனர்.

பயிற்சியாளரின் தேர்வு பற்றி ரசிகர் கருத்துக் கூறலாம், கைதட்டலாம், கூச்சலிடலாம். அணி மூடப்படுவது பற்றியோ, வேறு நகருக்குச் செல்வது பற்றியோ அவரை எவரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் நிலைமை வேறு. சில விதிவிலக்குகள் நீங்கலாக, அங்கே கழகத்தின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. முதலீட்டாளர் விரும்பினால் மட்டும் அணியை இடம் மாற்றிவிட முடியாது.

ஓர் ஆட்டத்தில் தவறாக அமர்த்தப்பட்ட வீரர் அடுத்த ஆட்டத்தில் திரும்பி வரலாம். நகரை விட்டுப் போன அணி அப்படித் திரும்புவதில்லை. ஐஎஸ்எல்லில் புதிய அணிகளுக்கு உரிமம் வழங்கும்போது, நகரங்களை விட்டு வெளியேறக் கட்டுப்பாடும், நிர்வாகத்தில் ரசிகர்களுக்கு ஒரு பிரதிநிதித்துவமும் விதிகளில் இடம்பெற வேண்டும். புணே கற்றுத் தரும் பாடம் இதுவே.